நிரலைப் படிக்கவும் கற்றுக்கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மென்பொருள் துறையில் காலூன்ற விரும்பும் இளைஞர்களுக்காகத் தங்கள் நாளிதழின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். எந்த நிரல்மொழியை முதலில் கற்பது, அதன்பின் எந்தெந்தக் கருவிகளைக் கையில் எடுப்பது, எத்தனை மாதங்களில் முடிப்பது என்று வழித்தடம் போட்டுக் கொடுத்திருந்த அக்கட்டுரையில் தவறான தகவல் என்று சுட்டிக்காட்ட எனக்கு எதுவும் தென்படவில்லை. ஆயினும் 22 ஆண்டுகளாக இதே தொழிலில் இருக்கும் எனக்கு, அதில் ஒரு பெரிய விடுபடல் கண்ணில் உறுத்தியது. நிரல் எழுதுவதைப் பற்றி ஒரு பக்கம் முழுக்கப் பேசிய கட்டுரை, பிறர் எழுதிய நிரலைப் படிப்பதைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லவில்லை. சம்பளம் வாங்கும் நிரலாளரின் நாளில் பெரும்பகுதி படிப்பதில்தான் கழிகிறது. அதற்குத் தயாராகாமல் வருபவர்கள் முதல் ஆறு மாதங்களில் படும் பாட்டை நான் ஆண்டுதோறும் அருகிலிருந்து பார்க்கிறேன். ஆகவே இக்கடிதம் சற்று நீண்டுவிட்டால் பொறுத்தருள வேண்டும்.

வேலை என்பது உண்மையில் எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அண்மையில் என்னிடம் வந்த பணி இது: ஒரு பதிவுப் படிவத்தில் பிறந்த தேதியைக் கட்டாயம் நிரப்ப வேண்டும் என்றிருந்ததை மாற்றி, விரும்பாதவர்கள் அதைக் காலியாக விடலாம் என்று ஆக்க வேண்டும். நான் கடைசியில் மாற்றியவை இரண்டே வரிகள். எடுத்துக்கொண்டது மூன்று நாட்கள். முதல் நாள் முழுவதும் அந்தத் தேதி படிவத்திலிருந்து கிளம்பி எங்கெங்கே போகிறது என்று பின்தொடர்ந்தேன். ஒன்பது இடங்களுக்குப் போனது. எட்டு இடங்களில் ஒன்றும் ஆகாது. ஒன்பதாவது இடத்தில், பத்தாண்டுகளுக்கு முன் யாரோ எழுதிய ஒரு சிறு பகுதி, தேதி காலியாக இருந்தால் அதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டது. யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் வழிவந்த அமைப்புகள் காலத்தை 1970 ஜனவரி 1 முதல் கடந்த நொடிகளாக எண்ணுகின்றன. அங்கே பூஜ்யம் என்றால் அந்த நாள்தான். அதாவது, தேதியைக் காலியாக விட்ட இருபது வயது இளைஞர்கள் எல்லாரும் எங்கள் கணக்கில் ஐம்பதைத் தாண்டியவர்களாகி, மூத்தோர் சலுகைக்கும் தகுதி பெற்றிருப்பார்கள். இரண்டாம் நாள் அந்தப் பகுதி ஏன் அப்படி எழுதப்பட்டது என்று தேடுவதிலும், மூன்றாம் நாள் அதற்கான சோதனைகளை எழுதுவதிலும் போயின. படிவத்தைத் திருத்துவதை மட்டும் கற்று வந்த ஒருவர் இந்த வேலையை முதல் நாள் மதியமே முடித்து, பாராட்டும் வாங்கியிருப்பார்.

அப்படிப் பாராட்டு வாங்கியவன் நான் என்பதால்தான் இதை இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டில், மாத இறுதியில் இரவில் ஓடி, வாடிக்கையாளர்களுக்குப் பில் தயாரித்து அனுப்பும் ஒரு நிரலை வேகப்படுத்தும்படி என்னிடம் கொடுத்தார்கள். அது ஓடி முடிய ஐம்பது நிமிடம் ஆகும். உள்ளே பார்த்தால், ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒருமுறை தரவுத்தளத்துக்குப் போய், 'இவருக்கு இந்த மாதப் பில் ஏற்கெனவே போய்விட்டதா?' என்று கேட்கும் ஒரு நிபந்தனை இருந்தது. சோதனைச் சூழலில் நான் எத்தனை முறை ஓட்டிப் பார்த்தும் அந்தக் கேள்விக்கு 'இல்லை' என்ற பதிலே வந்தது. மாதத்துக்கு ஒருமுறை மட்டுமே ஓடும் நிரலில், பில் எப்படி ஏற்கெனவே போயிருக்கும்? தேவையற்ற வரி என்று முடிவு கட்டி நீக்கினேன். ஐம்பது நிமிடம் பன்னிரண்டு நிமிடமாகக் குறைந்தது. குழுக் கூட்டத்தில் கைதட்டினார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மாத இறுதி இரவில் இணைப்பு அறுந்து நிரல் பாதியில் நின்றது. நின்றால் தானாக மறுபடி தொடங்கும்படி அமைக்கப்பட்டிருந்ததால், அது முதல் வாடிக்கையாளரிலிருந்து மறுபடி தொடங்கியது. விடிந்தபோது பாதி வாடிக்கையாளர்களின் கையில் இரண்டிரண்டு பில்கள். நான் நீக்கிய வரி அந்த ஓர் இரவுக்காகவே எழுதப்பட்டது என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு மணி நேரம் ஆனது. அந்த வரியைச் சேர்த்தவர் மாற்றப் பதிவில் எழுதி வைத்திருந்த குறிப்பு: 'சிறு திருத்தம்'. அதை நீக்கியபோது நான் எழுதிய குறிப்பு: 'வேகப்படுத்தியது'. இரண்டும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கேட்பதை விட்டு, தொடக்கத்திலேயே ஒரே கேள்வியில் பில் போனவர்களின் பட்டியலை வாங்கி வைத்துக்கொண்டால் வேகமும் கிடைக்கும், பாதுகாப்பும் இருக்கும் என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. அப்படியே மாற்றி எழுதி, அந்த இரவில் நடந்ததை ஆறு வரிக் குறிப்பாக நிரலின் மேலேயே சேர்த்தேன்.

இது அனுபவமில்லாத ஓர் இளைஞரின் தவறு மட்டும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் தன் முதல் பயணத்தில், புறப்பட்டு 40 நொடிகளுக்குள் வானிலேயே சிதறியது. காரணம், அதன் திசையறியும் கணினியில் ஒரு 64 பிட் (அதாவது 64 இரும இலக்கங்கள் கொண்ட) தசம எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் ஓர் இடம். நேர், எதிர் இரண்டையும் குறிக்கும் 16 பிட் முழு எண்ணில் அடங்கும் உச்ச மதிப்பு 32,767. வந்த மதிப்பு அதைத் தாண்டிவிட்டது. அந்த நிரல் முந்தைய ராக்கெட்டான ஏரியன் 4-க்காக எழுதப்பட்டு, அங்கே ஒரு குறையுமின்றி ஓடியது. புதிய ராக்கெட்டின் பறக்கும் பாதை வேறு. கிடைமட்ட வேகம் மிக அதிகம். பிழை எழுந்த கணக்கீடோ, ஏரியன் 5 தரையை விட்டு எழும்பிய பிறகு தேவையே இல்லாத ஒன்று. பழைய ராக்கெட்டில் சில காலம் ஓட வேண்டியிருந்ததால் இதிலும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கணினி பழுதானால் கைகொடுக்க வைத்திருந்த மற்றொரு கணினியிலும் அதே நிரல்தான். ஆகவே அதுவும் அதே காரணத்தால் முன்னரே விழுந்துவிட்டது.

இந்த விபத்தைப் பற்றிச் சொல்பவர்கள் பெரும்பாலும் 64, 16 என்ற எண்களோடு நிறுத்திக்கொள்வார்கள். என்னை நிற்க வைத்தது விசாரணைக் குழு அறிக்கையில் உள்ள வேறொரு செய்தி. இவ்வாறு வழிந்துவிடும் ஆபத்துள்ள ஏழு மதிப்புகளை அன்றைய பொறியாளர்கள் அடையாளம் கண்டே இருந்தார்கள். கணினியின் சுமை 80 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு இருந்ததால், நான்குக்கு மட்டும் பாதுகாப்பு எழுதி, மற்ற மூன்றும் எல்லை மீற வாய்ப்பில்லை என்று ஆராய்ந்து விட்டுவிட்டார்கள். ஏரியன் 4-ஐப் பொறுத்தவரை அது சரியான முடிவு. ஆனால் ஏன் விட்டோம் என்ற காரணம் நிரலுக்குள் எங்கும் எழுதப்படவில்லை என்று அந்த அறிக்கை பதிவு செய்கிறது. பின்னால் வந்து படித்தவர்களுக்குப் பாதுகாப்பில்லாத மூன்று மாற்றங்கள் தெரிந்திருக்கும். அவற்றின் பின்னே நின்ற அனுமானம் தெரிந்திருக்க வழியில்லை. என்னுடைய 'சிறு திருத்தம்' எவ்வளவு பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது என்பது அதைப் படித்தபோதுதான் விளங்கியது.

2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்கப் பங்குச் சந்தையில் நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் 45 நிமிடங்களில் 44 கோடி டாலருக்கும் மேல் இழந்த கதையும் இதே ரகம்தான். எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டிய புதிய நிரலை ஏழில் மட்டும் ஏற்றியிருந்தார்கள். பல ஆண்டுகளாகப் பயன்படாமல், ஆனால் நீக்கப்படாமலும் கிடந்த பழைய பகுதியை இயக்கும் அதே குறியீட்டைப் புதிய வசதிக்கும் பயன்படுத்தியிருந்தார்கள். விளைவாக எட்டாவது சர்வரில் பழையது விழித்துக்கொண்டு ஆர்டர்களைக் கொட்டத் தொடங்கியது. பதற்றத்தில் சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய நிரலைக் கழற்றினார்கள். எட்டிலும் பழையதே ஓடியது. இயங்கிக்கொண்டிருக்கும் அமைப்பில் எது எங்கே இருக்கிறது என்பதைப் படித்தறியாமல் கைவைத்தால், மருந்தே நோயாகிவிடும்.

இனி, இந்தத் தொழிலில் காரணத்தை எழுதி வைப்பதற்கென்று உள்ள இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். தங்கள் கட்டுரை கற்க வேண்டிய கருவிகளின் வரிசையில், நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் 'கிட்' என்பதையும் குறிப்பிட்டு, சில கட்டளைகளைக் கொடுத்திருந்தது. லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் மையப் பகுதியான கருநிரலை உருவாக்குபவர்கள் 2002 முதல் பயன்படுத்திவந்த இதே வேலைக்கான பிட்கீப்பர் என்ற கருவியின் இலவச உரிமம் 2005-இல் திரும்பப் பெறப்பட்டதும், லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த ஏப்ரல் மாதத்தில் சில நாட்களிலேயே கிட்டின் முதல் வடிவத்தை எழுதினார். பலர் எழுதும் நிரலை ஒன்று சேர்ப்பது அதன் முதல் பயன் என்றே பலரும் நினைக்கிறார்கள். என் கண்ணுக்கு அதன் அருமை வேறிடத்தில் இருக்கிறது: எந்த வரியைச் சுட்டிக் கேட்டாலும், அதை யார், எப்போது, எந்த மாற்றத்தோடு சேர்த்தார் என்று அது சொல்லும். ஏன் சேர்த்தார் என்பதை மட்டும் அதனால் தானாகச் சொல்ல முடியாது. அதை ஒரு மனிதர், மாற்றத்தோடு சேர்த்துப் பதியும் கமிட் குறிப்பில் எழுதியிருக்க வேண்டும். லினக்ஸ் கருநிரலின் மாற்றப் பதிவுகளை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். ஒரு வரி மாற்றத்துக்கு மூன்று பத்தி விளக்கம் இருப்பது அங்கே சாதாரணம். பிழை எந்தச் சூழலில் தோன்றியது, எந்தப் பழைய மாற்றத்தால் வந்தது, வேறு வழிகள் ஏன் ஒத்துவரவில்லை என்றெல்லாம் எழுதி, கீழே பொறுப்பேற்றுக் கையொப்ப வரியும் இடுகிறார்கள். வேலை தேடும் இளைஞர் ஒருவர் ஒரு வாரம் அந்தக் குறிப்புகளை மட்டும் உட்கார்ந்து படித்தாலே, பல பயிற்சி வகுப்புகளில் கிடைக்காத ஒன்று கிடைக்கும்.

இங்கே ஒரு கிளைச் செய்தி. கிட் என்றால் உலகம் டோர்வால்ட்ஸ் பெயரைச் சொல்கிறது. அவர் அதே ஆண்டு ஜூலையில் அதன் பராமரிப்பை ஜூனியோ ஹமானோ என்பவரிடம் ஒப்படைத்துவிட்டார். அன்றிலிருந்து பல ஆயிரம் மாற்றங்களைப் படித்து, திருப்பியனுப்பி, ஏற்று, இந்தக் கருவியை இன்றுள்ள நிலைக்கு வளர்த்தவர் அவர்தான். முதல் வரியை எழுதியவருக்குக் கிடைக்கும் புகழில் பத்தில் ஒரு பங்குகூடப் பராமரிப்பவருக்குக் கிடைப்பதில்லை. வேலைவாய்ப்புக் கட்டுரைகளும் அந்தப் புகழின் பக்கமே சாய்ந்துவிடுகின்றன என்பது என் ஆதங்கம்.

சக ஊழியரின் நிரலைச் சேர்ப்பதற்கு முன் படித்துப் பார்க்கும் 'கோட் ரிவ்யூ' வழக்கம் இப்போது பெரும்பாலான இடங்களில் வந்துவிட்டது. வந்தும், பத்து வரி மாற்றத்துக்குப் பன்னிரண்டு கருத்துகளும், எண்ணூறு வரி மாற்றத்துக்கு இரண்டே நிமிடத்தில் 'நன்றாக இருக்கிறது' என்ற ஒற்றைப் பதிலும் வருவதை இத்துறையில் உள்ள எல்லாரும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வார்கள். புதிதாக வருபவர்கள் தங்கள் மாற்றத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்து அனுப்பப் பழகினால், அதை யாராவது உண்மையிலேயே படிப்பார்கள்.

தவறுகளை நடத்தும் முறையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் ஓர் இளைஞரின் முதல் ஐந்து ஆண்டுகளை உருவாக்குவதும் குலைப்பதும் அதுதான். நூல் அச்சாக்கத்துக்கான டெக் என்ற மென்பொருளை எழுதிய டொனால்ட் க்னூத், 1978 முதல் அதில் தாம் செய்த பிழைகளையும் திருத்தங்களையும் ஒரு பதிவேட்டில் குறித்துவந்தார். அல்காரிதத்தில் பிசகியது, மறந்து விட்டது, எழுத்துப்பிழை என்று வகை பிரித்து, 800-க்கும் மேற்பட்ட பதிவுகளை 1989-இல் தாமே வெளியிட்டார். பிழை கண்டு சொல்பவர்களுக்கு 2 டாலர் 56 சென்ட் காசோலை அனுப்பும் வழக்கத்தையும் வைத்திருந்தார்; 256 சென்ட் என்பது பதினாறடிமான எண்முறையில் நூறு. கணினி அறிவியலின் பெரும் ஆசான்களில் ஒருவர் தம் மறதியைப் பட்டியலிட்டுக் காட்டக் கூச்சப்படவில்லை. மாறாக, வேலையில் சேர்ந்து எட்டு மாதமான ஒரு பெண் தன் மாற்றத்தால் ஏற்பட்ட சிறு கோளாறை இரண்டு நாள் மறைத்து, மூன்றாம் நாள் அது பெரிதான பிறகு அழுதபடி என்னிடம் வந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆண்டு மதிப்பீட்டில் அது தனக்கு எதிராக எழுதப்படும் என்ற அவருடைய அச்சம் வீண் அச்சம் என்று அன்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்த அலுவலகத்தில் கோளாறு வந்தால் முதலில் கேட்கப்படும் கேள்வி 'யார்?' என்பதாகவே இருந்தது.

2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்து வைக்கும் இணையச் சேவையை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இரவு நேரத்தில் களைத்திருந்த பொறியாளர் ஒருவர், துணைச் சர்வர் என்று எண்ணி முதன்மைச் சர்வரின் தரவுத்தளத்தையே அழிக்கத் தொடங்கி, ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்தினார். ஏறக்குறைய 300 ஜிபி இருந்த இடத்தில் 4.5 ஜிபி மட்டுமே எஞ்சியது. பேக்அப் எடுக்கப் பல ஏற்பாடுகள் இருந்தும் ஒன்றும் கைகொடுக்கவில்லை. அவற்றுள் ஒன்று, தரவுத்தளத்தின் ஒரு பதிப்புக்கு வேறு பதிப்பின் கருவியைப் பயன்படுத்தியதால் பல நாட்களாகவே தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுக்கப்பட்ட ஒரு நகலால் மீண்டார்கள். அவர்கள் மீட்புப் பணியை நேரலையில் ஒளிபரப்பி, முழு விவரத்தையும் வெளியிட்டு, அந்தப் பொறியாளரின் பெயரை மட்டும் வெளியிடாமல் விட்டார்கள். ஒருவரின் கைப்பிசகு எப்படி முழு அமைப்பையும் சாய்க்க முடிந்தது என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி. ஆகவே நேர்காணலுக்குப் போகும் இளைஞர்களுக்கு நான் சொல்வது: 'ஏதேனும் கேட்க விரும்புகிறீர்களா?' என்று கடைசியில் கேட்பார்கள் அல்லவா, அப்போது 'உங்களிடம் கடைசியாக நடந்த பெரிய கோளாறு எது, அதன்பின் என்ன மாற்றினீர்கள்?' என்று கேளுங்கள். சம்பளத் தொகை சொல்லாத பலவற்றை அதற்கு வரும் பதில் சொல்லிவிடும்.

நேர்காணலின் மறுபக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையிலும் ஒன்றைப் பகிர விரும்புகிறேன். கரும்பலகையில் புதிர்க் கணக்குக்கு நிரல் எழுதச் சொல்வதை நான் நிறுத்திப் பல ஆண்டுகளாகிறது. நாற்பது வரி நிரல் ஒன்றை அச்சிட்டுக் கையில் கொடுத்து, 'இது என்ன செய்கிறது, எங்கே தவறும்?' என்று மட்டும் கேட்கிறேன். ஒருமுறை, விண்ணப்பத்தில் பதினான்கு கருவிகளின் பெயர்களை அடுக்கியிருந்த ஒருவர், தாளை அரை நிமிடம் பார்த்துவிட்டு, இதை முழுவதும் புதிய முறையில் மாற்றி எழுதிவிடலாம் என்றார். எதை மாற்ற வேண்டும் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அடுத்து வந்தவர் பென்சிலை எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மாறியின் மதிப்பை எழுதிக்கொண்டே போனார். பதினேழாம் வரியில் நின்று, 'பட்டியல் காலியாக இருந்தால் இங்கே பூஜ்யத்தால் வகுக்கும். ஆனால் காலியாக வருமா என்பது இந்த நிரலை அழைத்துப் பயன்படுத்தும் பகுதியைப் பார்த்தால்தான் தெரியும். அந்தப் பகுதியைக் காட்டுவீர்களா?' என்றார். மற்றொரு வரி தமக்குப் புரியவில்லை என்பதையும் தயங்காமல் சொன்னார். அவருக்கு வேலை கொடுத்தோம். அவர் கற்றிருந்த நிரல்மொழி எங்களுடையது அல்ல. அது ஒன்றரை மாதத்தில் சரியாகிவிட்டது.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளே நிரல் எழுதித் தரும் காலத்தில் இந்தப் பழைய பாட்டு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். நானும் அவற்றை நாள்தோறும் பயன்படுத்துகிறேன், பயனும் இருக்கிறது. ஆனால் அவை ஒரு நிமிடத்தில் இருநூறு வரிகளைக் கொட்டிவிட்டுப் போன பிறகு எஞ்சும் வேலை என்ன? முன்பின் அறியாத ஒருவர் எழுதிய நிரலைப் படிப்பதுதான். அந்த ஒருவரிடம் போய் 'ஏன் இப்படி எழுதினீர்கள்?' என்று கேட்டால், அவர் எதையாவது நம்பும்படி சொல்லிவிடுவார் என்பது கூடுதல் சிக்கல். 2025-இல் மெட்டர் என்ற ஆய்வமைப்பு, தாங்கள் நெடுநாள் பழகிய திட்டங்களில் வேலை செய்யும் அனுபவமிக்க 16 நிரலாளர்களைக் கொண்டு ஒரு சோதனை நடத்தியது. இக்கருவிகள் இருந்தால் 24 விழுக்காடு நேரம் மிச்சமாகும் என்று அவர்கள் முன்கூட்டிக் கணித்தார்கள். முடிந்த பிறகும் 20 விழுக்காடு மிச்சமானதாகவே நம்பினார்கள். கடிகாரப்படி 19 விழுக்காடு அதிக நேரம் பிடித்திருந்தது. பதினாறு பேரைக் கொண்டு உலகையே அளக்க முடியாது, கருவிகளும் மாதத்துக்கு மாதம் மாறுகின்றன. எனினும் தன் வேகத்தைப் பற்றித் தானே கொள்ளும் மதிப்பீடு எவ்வளவு ஏமாற்றும் என்பது அதில் தெரிகிறது.

கூர்ந்து பார்ப்பதன் மதிப்புக்கு என்னிடம் ஒரு நல்ல சான்று உண்டு. 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், வேறொரு தரவுத்தளச் சோதனையின் நடுவே, தம் கணினியில் தொலைவிலிருந்து உள்நுழைய வழக்கத்தைவிட அரை நொடி அதிகமாகிறது என்பதைக் கவனித்தார். அரை நொடிதானே என்று விட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் விடாமல் தோண்டியதில், கோப்புகளின் அளவைக் குறைக்கும் எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியில், ஏறத்தாழ இரண்டாண்டுகள் நல்ல பங்களிப்பாளர் போல நடித்துப் பராமரிப்புப் பொறுப்பையே பெற்றுவிட்ட ஒருவர் புதைத்து வைத்திருந்த கள்ளக் கதவு வெளிப்பட்டது. லினக்ஸின் பெரும்பாலான நிலையான பதிப்புகளுக்குள் அது பரவும் முன்னரே தடுக்கப்பட்டது.

எந்த மொழியைக் கற்பது என்ற கேள்விக்கு நான் பதிலே சொல்லாமல் நழுவுவதாகத் தோன்றலாம். நான் தொழிலுக்கு வந்தபோது இணையப் பக்கங்களில் அசைவுப் படங்களையும் விளையாட்டுகளையும் ஓட்டும் ஃப்ளாஷ் என்ற மென்பொருள் கொடிகட்டிப் பறந்தது. அதில் கைதேர்ந்த நண்பர் ஒருவருக்கு எங்கள் எல்லாரையும்விட அதிகச் சம்பளம். அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-உடன் அதற்கான ஆதரவை நிறுத்தியது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே வேலைகள் வற்றிவிட்டன. அசைவுகளின் கால அளவு, பயனரின் ஒவ்வொரு தொடுதலுக்கும் நிரல் எப்படி எதிர்வினையாற்ற வேண்டும் என்பன அவருக்கு அத்துப்படியாக இருந்ததால், ஓராண்டு சிரமப்பட்டு வேறு கருவிகளுக்கு மாறிக்கொண்டார். நானோ பட்டியலிட்டால் ஒரு பக்கம் வரும் அளவுக்கு ஃப்ரேம்வொர்க்குகளை (நிரல் எழுதுவதற்கான ஆயத்தச் சட்டகங்களை) கற்று மறந்திருக்கிறேன். முதல் ஆண்டில் கற்று இன்றுவரை சோறு போடுபவை சிலவே: தரவை அட்டவணைகளாக அடுக்கும், எட்கர் காட் 1970-இல் முன்வைத்த தொடர்புத் தரவு மாதிரியும், அதிலிருந்து 1974-இல் பிறந்து இன்று எஸ்கியூஎல் என வழங்கும் வினவு மொழியும், இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் 1983 ஜனவரி 1 அன்று ஏற்று, இன்றைய இணையத்தையும் தாங்கி நிற்கும், கணினிகள் தமக்குள் தரவு பரிமாறும் டிசிபி, ஐபி நெறிமுறைகள், யூனிக்ஸ் வழிவந்த கோப்பு, செயல்முறை பற்றிய கருத்துகள், இவற்றோடு, பிழைச் செய்தியை முழுவதுமாகப் படிக்கும் பழக்கம். கடைசியில் சொன்னது கேலியல்ல. உதவி கேட்டு என்னிடம் வருபவர்களில் பாதிப்பேரின் சிக்கலுக்கான விடை, அவர்கள் படிக்காமல் மூடிய பிழைச் செய்தியின் மூன்றாவது வரியிலேயே இருக்கும்.

படிக்கப் பழகுவதற்குப் பணம் வேண்டாம் என்பதையும் தங்கள் வாசகர்களுக்குச் சொல்லலாம். தாம் அன்றாடம் பயன்படுத்தும் ஏதேனும் ஒரு சிறிய திறந்த மூலத் திட்டத்தை (நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வெளியிட்டிருப்பதை) தேர்ந்தெடுத்து, தீர்க்கப்படாத பிழை ஒன்றை எடுத்து, அதைத் தம் கணினியில் மறுபடி வரவழைத்துக் காட்டினால் போதும். திருத்தக்கூட வேண்டியதில்லை. எந்தப் பதிப்பில், எந்த வரிசையில் என்ன செய்தால் பிழை வருகிறது, என்ன எதிர்பார்த்தோம், என்ன கிடைத்தது என்று தெளிவாக எழுதிக் கொடுத்தாலே பராமரிப்பாளர்கள் நன்றியோடு ஏற்பார்கள். அப்படி எழுதிய மூன்று குறிப்புகளின் இணைப்பு ஒரு விண்ணப்பத்தில் இருந்தால், சான்றிதழ்களைத் தாண்டி என் கண் முதலில் அங்கேதான் போகும்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தக் கட்டுரை தொடராக வரவிருப்பதாக அறிவித்திருக்கிறீர்கள். அடுத்த பகுதிகளில், கற்க வேண்டியவற்றின் பட்டியல் வரும் கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சிறு கட்டம் ஒதுக்கி, வாரந்தோறும் இருபது வரி நிரல் ஒன்றை அச்சிட்டு, 'இது என்ன செய்கிறது, எப்போது தவறும்?' என்று வாசகர்களைக் கேட்கலாம். எந்த மொழி தெரிந்தவரும் பின்தொடரும்படி எளிய நடையில் அவற்றை எழுதித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். ஊதியம் எதுவும் வேண்டாம். முதல் நிரலை இக்கடிதத்துடன் இணைத்துள்ளேன். மாத இறுதியில் பில் அனுப்பும் நிரல்தான் அது. விடையைத் தனி உறையில் வைத்திருக்கிறேன். தாங்கள் ஒருமுறை முயன்று பார்த்த பிறகு உறையைத் திறக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
22 ஆண்டுகளாக நிரல் எழுதியும் படித்தும் வரும் தங்கள் வாசகன்